வெயில் எட்டாத ஹாலில் புதினா: வாசகர் கேள்விகள்

கேள்வி: முத்தியால்பேட்டையில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டியே வீடுகள், மொட்டை மாடி வீட்டுக்காரர் வசம். ஹாலில் நாலடி நீளத் தட்டில் புதினா, கொத்தமல்லி, மணி பிளான்ட் வைத்தேன், மணி பிளான்ட் மட்டும்தான் பிழைத்தது. செடி வளர்க்கும் குரோ லைட் விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் படிக்கும் மகன், "எதுக்கும்மா அவ்வளவு காசு, நானே எல்இடி வாங்கிச் செஞ்சு தர்றேன்" என்கிறான். வாங்குவதா, செய்வதா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: உங்கள் நாலடித் தட்டுக்கு இரண்டுமே வேண்டாம் அம்மா. எலெக்ட்ரிக்கல் கடையில் டியூப்லைட் போல நீளமாக இருக்கும் சாதாரண நாலடி எல்இடி பேட்டன் லைட், 20 வாட், நல்ல கம்பெனியாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மேல் தட்டின் அடிப்பக்கம் அதை மாட்டி, செடியின் நுனிக்கும் லைட்டுக்கும் அரை அடி, முக்கால் அடிக்கு மேல் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் 14 மணி நேரம் எரியட்டும், டைமர் சாக்கெட் போட்டுவிட்டால் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து 40 வாட் என்பதால் மாதத்துக்கு 17 யூனிட் அளவில் ஆகும்.

வெள்ளை லைட்டில் செடி வளருமா என்ற சந்தேகம் வரும். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளியை எடுத்துக்கொள்கிறது, கிட்டத்தட்ட நம் கண்ணுக்குத் தெரிகிற அதே வெளிச்சம்தான். வெள்ளை எல்இடி என்பதே நீல சிப்பின் மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசியது, அதில் நீலமும் உண்டு, பச்சையும் சிவப்பும் உண்டு. ஊதா வெளிச்சம் அடிக்கிற குரோ லைட்டுக்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை, அந்த நிறத்தில் இலை மஞ்சளானாலும் பூச்சி வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை லைட்டின் நிறச் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள், கடையில் 6500 கெல்வின்தான் அதிகம் கிடைக்கும், கீரை வகைக்கு அது போதும், 4000 கெல்வின் கிடைத்தால் ஒன்றை அதில் வாங்குங்கள், சிவப்பு கொஞ்சம் கூடும்.

உங்கள் கொத்தமல்லி போனதற்குக் காரணம் வெளிச்சத்தின் அளவு. நம் கண் எதற்கும் பழகிக்கொள்ளும், அதனால்தான் ஹால் நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது, ஆனால் லைட் போட்ட ஹாலில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் 200, 300தான் இருக்கும், மதிய வெயிலில் அது 1 லட்சத்தைத் தொடும். செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 7000 லக்ஸ் பக்கம் வந்தால் புதினா நிற்கும். கொத்தமல்லிக்கு மூன்றாவது பேட்டன் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. (வெள்ளை லைட்டுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு, ஊதா லைட்டை லக்ஸ் மீட்டரால் அளக்க முடியாது.) மிளகாய், தக்காளி காய்க்க வேண்டும் என்றால் இந்த வெளிச்சம் பத்தாது.

அப்படிக் காய்க்கும் செடிதான் வேண்டும் என்றால் குரோ லைட் வாங்கலாம். ஆன்லைனில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள், கரன்ட் உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அந்த எண்ணை வைத்து விலை ஒப்பிடுங்கள்.

இனி தம்பியிடம் ஒரு வார்த்தை. செய்ய ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யப்பா, படிப்புக்கும் உதவும், ஆனால் காசு மிச்சம் என்று நினைத்துச் செய்யாதே. நல்ல டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரன்ட் கொடுக்கும் பெட்டி), சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க், அதை ஒட்டும் இடத்தில் தடவும் தெர்மல் பேஸ்ட், டைமர் எல்லாம் சேர்த்தால் பேட்டனைவிடக் கூடத்தான் வரும். ஃபிளட் லைட்டுக்கென்று விற்கிற, 230 வோல்ட்டை நேரே சிப் பலகையில் கொடுக்கிற டிஓபி (டிரைவரும் அதே பலகையில் இருக்கும்) சிப்பை மட்டும் தொடவே தொடாதே. அதில் ட்ரான்ஸ்ஃபார்மர் தடுப்பு கிடையாது, சிப் பலகை முழுக்க மெயின் கரன்ட், கீழே அம்மா ஈரக்கையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். 12 அல்லது 24 வோல்ட், ஐசொலேஷன் (மெயின் கரன்ட்டிலிருந்து பிரித்து வைக்கும் தடுப்பு) உள்ள எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளைதான் பாதுகாப்பு. அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கொடு, வீட்டில் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் பேசி முதலில் அதைப் போடச் சொல். ஹீட் சிங்க்குக்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் கிடைத்தால் தேடிப் பார்.

கேள்வி: 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை பிளைவுட்டில் ஒட்டி நானே லைட் செய்தேன். சில மாதத்திலேயே மங்கிவிட்டது, அங்கங்கே எரியவும் இல்லை. ஸ்ட்ரிப் மட்டமா?
(வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: ஸ்ட்ரிப்பைக் குறை சொல்வதற்கு முன் பிளைவுட்டைப் பாருங்கள். மரம் சூட்டைக் கடத்தாது, எல்இடி தன் சூட்டிலேயே வெந்து மங்கும். அடுத்த முறை அலுமினியப் பட்டியில் ஒட்டுங்கள். அங்கங்கே எரியாததற்கு உங்கள் ஊர் உப்புக்காற்றுதான் காரணமாக இருக்க வேண்டும். கடலை ஒட்டிய வீட்டில் சால்டர் வைத்த இடமும் தாமிர ஒயர் நுனியும் பச்சை பூத்துவிடும். இணைப்புகளைச் சுத்தம் செய்து சால்டர் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள், திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், டிரைவர் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 சீல் உள்ளதாகப் பாருங்கள். அந்த டிரைவரையும் லைட்டுக்கு மேல் சூட்டில் வைக்காமல் தள்ளி வையுங்கள். அதிலுள்ள கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

கேள்வி: புயலில் கரன்ட் போனால் லைட்டை நம்பிய செடிகள் என்ன ஆகும்?
(வாசகர், நெல்லித்தோப்பு)

பதில்: இரண்டு மூன்று நாள் தாங்கும். அந்த நாட்களில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், வெளிச்சம் இல்லாத செடிக்கு ஊற்றினால் வேர்தான் அழுகும். கரன்ட் வந்ததும் விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று ராவெல்லாம் லைட் எரிய விடாதீர்கள், எப்போதும் போல 14 மணி நேரம் போதும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம், அதனால் தரைத்தளத்தில் இருப்பவர்கள் டிரைவரையும் பிளக் பாயின்ட்டையும் இடுப்பு உயரத்துக்கு மேலேயே வையுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள்.