எலி வளை தோண்டும் நாய்க்கு மூக்கில் முடி கொட்டுகிறது

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காவல் நாய்க்கு மூன்று வயது. எலி வளையைக் கண்டால் மூக்கை விட்டுத் தோண்டும். ஒரு மாதமாக மூக்கின் மேலும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாக முடி கொட்டிப் பொருக்குத் தட்டுகிறது. மருந்துக் கடையில் விவரம் சொல்லிக் களிம்பு வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் அடங்கியது, இப்போது இரண்டு மடங்காகப் பரவிவிட்டது. இதைவிட வீரியமான களிம்பு எது ஐயா?

பதில்: வீரியமான களிம்பை நான் சொல்லப் போவதில்லை. கையில் இருக்கும் குழாயில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், கூடவே பூஞ்சையோடு போராடும் தோலின் சக்தியையும் அடக்கிவிடும். அடங்கியது மறுபடி பரவியதற்கு இதுதான் காரணமாக இருக்கும். நாய் அதை நக்கி விழுங்குவது வேறு. நாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல் மூன்று மருந்து கலந்த குழாயை எடுத்து நீட்டும் கடைக்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாராவாரம் இதே கதையோடு கடிதம் வருகிறது. இன்றே நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்வது பூஞ்சையால் வரும் படர்தாமரை போலத் தெரிகிறது. மண்ணில் வாழும் மைக்ரோஸ்போரம் ஜிப்சியம், எலியிடமிருந்து ஒட்டும் டிரைக்கோஃபைட்டான் என்ற இரண்டு பூஞ்சைகளுமே தோண்டுகிற நாயின் மூக்கையும் காலையும்தான் முதலில் பிடிக்கும். ஆனால் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வரும் சொறியிலும் இதே இடங்களில் முடி கொட்டும். கால்நடை மருத்துவரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணின் ஓரத்து முடியைப் பிடுங்கி பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். புற ஊதா விளக்கில் முடி ஒளிரவில்லை, அதனால் பூஞ்சை இல்லை என்றால் ஏற்காதீர்கள். மேலே சொன்ன இரண்டு பூஞ்சையும் ஒளிராது.

வளர்ப்புச் சோதனையின் முடிவு வர 2, 3 வாரம் ஆகலாம். அதுவரை குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் சேர்ந்த ஷாம்பூவை வாரம் 2 முறை போட்டு, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் படாமல் பாருங்கள். பூஞ்சைக்கான மாத்திரையை மருத்துவர்தான் எடை பார்த்துத் தர வேண்டும்; முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் விடக் கூடாது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று: அந்த நாய் எங்கே படுக்கிறது? வீட்டில் யார் கையிலாவது, கன்றுகள் முகத்திலாவது வட்டத் தடிப்பு இருக்கிறதா? கொட்டிய முடியில் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள், இடத்தைக் கூட்டி முடியை அப்புறப்படுத்துங்கள், குழந்தைகளை நாயிடமிருந்து தள்ளி வையுங்கள்.

இடையில் ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வடிந்தால் அது வேறு விஷயம். பூசணம் பிடித்த வைக்கோலிலும் மட்கிலும் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூக்குக்குள் இறங்கியிருக்கலாம். சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.