மகன் நாடகம் படிக்க நிற்கிறான்: இலங்கையின் கிழக்கே திருக்கோவில் என்ற ஊரிலிருந்து எழுதிய ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த மகன், கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். “இது சோறு போடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தது எந்தத் தாய்க்கும் மறக்காது. அரச நியமனத்தை மட்டும் நம்பிப் படித்தால் எந்தப் பட்டத்துக்கும் அந்த நிலை வரலாம். நாடகத்துக்கு மட்டும் உரியதல்ல அது.

எங்கள் பகுதியில் கலைஞருக்கு மாலையும் பொன்னாடையும் தாராளமாகக் கிடைக்கின்றன. கூலி கிடைப்பதில்லை. எங்கள் மரபுக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் கொடுப்பதில், அதாவது ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பதில் தொடங்கி, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கி, சலங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்து), பிறகுதான் அரங்கேற்றம். இடையில் மத்தளத்துக்குத் தோல் மாற்ற வேண்டும், வளையம் வைத்து விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் கிரீடமும் செய்ய வேண்டும், ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்க வேண்டும், பழக வருபவர்களுக்குத் தேநீராவது ஊற்ற வேண்டும். இந்தச் செலவெல்லாம் ஊராரிடமும் ஆடுபவர்களிடமும் சேர்கிற காசில்தான் நடக்கிறது. கூத்தைப் பழக்கி, விடிய விடிய மத்தளம் அடித்த அண்ணாவியார் காலையில் வயலுக்கோ கூலி வேலைக்கோ போகிறார். அவர் வீட்டுச் சுவரில் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும், கூரையோ ஒழுகும். (பறைமேளக் கலைஞர்களுக்கு அந்தப் பொன்னாடைகூட ஒழுங்காகக் கிடைத்ததில்லை. அந்த அநீதியைத் தனியாகவே எழுத வேண்டும்.)

அரசாங்கம் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். கலாசார அலுவல்கள் திணைக்களம் கலாபூஷணம் விருது வழங்குகிறது. ஆனால் அதற்கு அறுபது வயதாக வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது பத்தொன்பது! கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் வித்தகர் விருதோடு இளங்கலைஞர்களையும் பாராட்டுகிறது. நல்ல காரியம். ஆயினும் பாராட்டுவிழா மேடையில் கிடைப்பதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது. ஒரு தயாரிப்பைத் தொடங்கும்போதே கைகொடுக்கிற நிதிதான் கலைஞருக்கு வேண்டும். அதைச் சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கிற தலைமுறையில் உங்கள் மகனும் ஒருவனாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முயன்றதால்தான் மட்டக்களப்புக் கூத்து பேராதனைப் பல்கலைக்கழக மேடை ஏறியது. யாராவது விடாமல் நின்று கேட்டபோதுதான் இங்கே எதுவும் நடந்திருக்கிறது.

சரி, மகன் இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நடித்த ஒவ்வொரு நிகழ்ச்சியின் அழைப்பிதழ், படம், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் திகதியோடு ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டு ஆடிய அண்ணாவியார் ஒருவருக்கு விருது விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லாமற்போன நிலையை நான் பார்த்திருக்கிறேன். திருக்கோவில் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரை இந்த மாதமே அவன் போய்ச் சந்திக்கட்டும். போட்டியோ, இலக்கிய விழாவோ, விருது விண்ணப்பமோ, பெரும்பாலும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகும். நிகழ்ச்சிக்கு அழைப்பவர்களிடம் சன்மானம் எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்கப் பழகட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆற்றுகையாளரின் சம்மதமில்லாமல் அவருடைய ஆற்றுகையைப் பதிவுசெய்து பயன்படுத்துவதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தடுக்கிறது. எங்கள் கலைஞர்கள் பலருக்கு இது தெரியாது.

வருமானத்துக்கு ஆசிரியத் தொழில் ஒரு வழி. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருக்கிறது. ஆனால் நியமனம் எந்த ஆண்டு வரும் என்று எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே படிக்கிற காலத்திலேயே ஒளியமைப்பு, ஒலிப்பதிவு, காணொளித் தொகுப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கைவசப்படுத்தட்டும். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் திருமண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இந்த வேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். அதில் வரும் காசு அவனை நாடகத்திலிருந்து பிரிக்காது. மேடைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும்.

இப்போதைக்கு அவசரமானது வேறொன்று. இந்தக் கற்கைநெறிக்கு, உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, செயன்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அந்த அறிவித்தலைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பக்கத்தை அவன் வாசித்துவிட்டானா என்று இன்றிரவே கேளுங்கள். பிறகு, அவன் ஆடுவதை ஒருமுறையாவது நீங்கள் போய்ப் பாருங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் அவனுடைய பெறுபேறு இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வங்கி வேலை இருக்கிறது. அவன் எப்படி ஆடுவான் என்று ஒரு வரியும் இல்லை. பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது இருவரும் சேர்ந்தே வாருங்கள்.