படகு எஞ்சின் பிடித்துக்கொண்டால்: கேள்வி பதில்

பினாங்கு, பத்து மாவுங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சிறு படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 2 ஸ்ட்ரோக் எஞ்சின் (பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓடுவது) உள்ளே உடைந்து நின்றுபோனது பற்றியவை.

கே (தெலுக் பஹாங்): நண்டு வலை எடுக்கப் போன இடத்தில் என் 15 குதிரைத்திறன் எஞ்சின் வேகம் குறைந்து, கீச்சென்று முனகி நின்றுவிட்டது. கயிற்றை இழுக்கவே முடியவில்லை. ஆறிய பிறகு சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை. புது பிஸ்டன் வாங்கிவிடட்டுமா அண்ணே?

ப: பொறுங்கள் தம்பி. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்திருக்கிறது. ஏன் பிடித்தது என்று தெரியாமல் புதிதாகப் போட்டால், அதுவும் இதே கதிக்குத்தான் போகும். எத்தனையோ பேர் இரண்டாவது பிஸ்டனையும் கெடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

இரண்டு பிளக்குகளையும் கழற்றி காம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மூடியைத் திறந்தாக வேண்டும். பிறகு பிஸ்டனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் நான்கு இடங்களில் கீறல் இருந்தால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகிப்பேன். புகை போகும் பக்கம் மட்டும் கீறியிருந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது கார்புரேட்டர் அடைத்துப் பெட்ரோல் குறைவாகப் போயிருக்கிறது. ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டு மற்றது பளபளவென்று இருந்தால், காரணம் அந்தச் சிலிண்டரின் பக்கத்திலேயே இருக்கும்.

சென்ற மாதம் இதே போன்ற ஓர் எஞ்சினின் நீர் பம்பைத் திறந்தேன். தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் ஆறு இறகுகளில் இரண்டைக் காணவில்லை. தேடினால், அரிசி மணி அளவில் ரப்பர்த் துண்டுகள் மேலே போகும் குழாயின் வாயிலும், ஹெட்டுக்குள் உப்பு படிந்த ஒரு சந்திலும் சிக்கிக் கிடந்தன. இம்பெல்லரை மட்டும் மாற்றி அந்தத் துண்டுகளை விட்டிருந்தால் எஞ்சின் மறுபடியும் பிடித்திருக்கும். காணாமல் போன ஒவ்வொரு இறகையும் தேடி எடுத்த பிறகுதான் எஞ்சினைப் பூட்ட வேண்டும்.

கே (நிபோங் திபால்): சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருக்கிறது. போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

ப: சில நேரம் உண்டு. உள்ளே இருப்பது இரும்பு ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) என்றால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அப்பிய இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைத்துக்கொண்டு அலுமினியம் கரையும். நுரை நின்றதும் நன்றாகக் கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும். வெளியில் காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். அமிலம் எஞ்சினின் அலுமினியப் பாகத்தில் வழிந்தால் அதையும் தின்னும்.

துடைத்த பின் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்தான் போட வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் அளவுக்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். மாட்டும்போது தலையிலுள்ள அம்புக்குறி புகை போகும் பக்கம் பார்க்கட்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் வாய் (வெட்டு) பள்ளத்திலுள்ள சிறு முளையில் சரியாக உட்காராவிட்டால், சிலிண்டருக்குள் தள்ளும்போதே ரிங் உடைந்துவிடும்.

கே (பட்டர்வொர்த்): மோட்டார் சைக்கிளுக்கான 2டி (2 ஸ்ட்ரோக்) எண்ணெய் விலை குறைவு. அதை ஊற்றலாமா?

ப: வேண்டாம். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் எண்ணெய்தான். புத்தகம் வேறு அளவு சொல்லாவிட்டால் 50-க்கு 1, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி.

கே (பாலிக் பூலாவ்): உள்ளிருந்து ‘தட் தட்’ என்று சத்தம். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஆடுகிறது. மாற்றினால் போதுமா?

ப: ராட்டை மட்டும் மாற்றுவது பட்டறை வேலை. இந்த கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. பிரஸ்ஸில் பிரித்து, மீண்டும் நேராக நிறுத்தி, டயல் கேஜில் (நுண்ணிய வளைவை அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். வீட்டில் சுத்தியலால் தட்டிச் சேர்த்த கிராங்க் சீல்களையும் பேரிங்கையும் சீக்கிரமே கெடுக்கும். ஊசி பேரிங் உடைந்திருந்தால் ஊசிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அது எஞ்சினுக்குள்தான் கிடக்கிறது. கிராங்க், பிஸ்டன், போர் என மூன்றும் போயிருந்தால், செலவைக் கூட்டிப் பார்த்து, நல்ல பழைய எஞ்சின் வாங்குவதையே சொல்வேன்.

கே (தெலுக் கும்பார்): பிஸ்டன் மாற்றியாயிற்று. நாளைக்கே கடலுக்குப் போகலாமா?

ப: போகலாம், விரட்டாமல். முதல் 10 மணி நேரம் எண்ணெயை இரட்டிப்பாக்குங்கள்: 10 லிட்டருக்கு 400 மில்லி. முதல் மணி நேரம் பாதி திராட்டிலை (வேகப் பிடியை) தாண்ட வேண்டாம். பிறகும் முழு வேகத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல், ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். எஞ்சினின் பக்கத்தில் பீய்ச்சும் குளிரூட்டும் தண்ணீரில் ஒரு கண் இருக்கட்டும். அது மெலிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். ஆறியதும் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்கு மறுபடி சரிபாருங்கள்.