கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறைகளால் வகுப்பில் ஏதாவது மாறுகிறதா?

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கலைக்கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது. "பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால் போகத்தான் போகிறேன். அதைத் தாண்டி ஏதாவது பயன் உண்டா?" என்கிறார்.

மன்னார்குடிப் பக்கம் இருபது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். என் அனுபவத்தில் பயன் உண்டு. உங்களை எழுப்பி நிறுத்தி, பாடம் நடத்த வைத்து, அதை நாலு பேர் பார்த்துச் சொல்கிற பட்டறையாக இருந்தால் நிறையவே உண்டு.

பள்ளியில் இயற்பியல் நடத்த பி.எட். வேண்டும். கல்லூரியில் நடத்த முதுகலையோடு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ முனைவர் பட்டமோ போதும். எப்படி நடத்துவது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நமக்கு நடத்தியவர் எப்படி நடத்தினாரோ அப்படியே நாமும் ஆரம்பித்துவிடுகிறோம். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது இந்தக் குறையைப் போக்கத்தான். பிறகு அவற்றுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் வந்தது. 2023 முதல் மாளவியா மிஷன் என்ற திட்டத்தின் கீழ் நடக்கின்றன. நம் டெல்டா கல்லூரிக்காரர்கள் பெரும்பாலும் போவது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு. 2018 யூஜிசி விதிப்படி முதல் பதவி உயர்வுக்கு முனைவர் பட்டம் இருந்தால் நான்கு வருடப் பணி, எம்.ஃபில். என்றால் ஐந்து, இரண்டும் இல்லையென்றால் ஆறு. அதோடு கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சியையும், ரெஃப்ரெஷர் எனப்படும் புத்தொளிப் பயிற்சியையோ அதற்கு ஈடாக விதி ஏற்கும் வேறொன்றையோ முடித்திருக்க வேண்டும். சான்றிதழ்க் கணக்கு அவ்வளவுதான்.

நான் ஓரியன்டேஷன் போனபோது அது நான்கு வாரம். அதில் என்னோடு இன்றுவரை இருப்பது ஒரே ஒரு பிற்பகல். ஆளுக்குப் பத்து நிமிடம், அவரவர் பாடத்தை மற்றவர்களுக்கு நடத்த வேண்டும். எதிரே கும்பகோணத்திலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியை, நாகப்பட்டினம் விலங்கியல்காரர், வணிகவியல் ஆசிரியர்கள் இரண்டு பேர். நான் நியூட்டனின் முதல் விதியை எடுத்தேன். நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழம்மா ஒரு துண்டுச் சீட்டை நகர்த்தினார். "ஐந்து கேள்வி கேட்டீர்கள் சார். ஐந்துக்கும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்."

அன்று ஒருங்கிணைப்பாளர் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று 1970களிலேயே அவர் வகுப்புகளைப் பதிவுசெய்து காட்டியிருக்கிறார். மூன்று விநாடி என்பது சொல்லும்போது சுலபம். வகுப்பில் நின்று பாருங்கள், மூன்று நிமிடம் போல இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் முதலாமாண்டு வகுப்பில் கேட்டேன்: "சீரான வேகத்தில் நேராகப் போகிற பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு ஒரு காசை மேலே சுண்டினால் எங்கே விழும்? முன்னாலா, பின்னாலா, கையிலேயேவா?" தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள். கை தூக்கச் சொன்னதில் 48 பேரில் 31 பேர் பின்னால் என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மாசூர் 1990களில் பரப்பிய முறை இது. அதையும் அந்த நான்கு வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஒரே சத்தம், எல்லாம் தமிழில். மறுபடி கேட்டபோது அமைதி. மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற பெண், அதுவரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்தாள். "சார், காசும் பஸ்ஸோடதான சார் போயிட்டிருக்கு?"

முதல் விதி முழுவதும் அந்த வரியில் இருக்கிறது: காசும் பஸ்ஸின் வேகத்திலேயே முன்னே போவதால் கையிலேயே விழும். நம் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள். புத்தகம் ஆங்கிலத்தில். அவர்களுக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை, யோசிக்க நாம் இடம் விடுவதில்லை. எனக்கு அது புரிய ஒரு துண்டுச் சீட்டு தேவைப்பட்டது.

பயனற்ற பட்டறைகளும் உண்டு. ஒரு வாரம் உட்கார்ந்து ஒருவர் ஸ்லைடுகளை வரிக்கு வரி வாசிக்கக் கேட்டிருக்கிறேன். "மாணவர்களை ஈடுபடுத்துவது எப்படி" என்பதுதான் தலைப்பு. எங்கே, யார் என்பது வேண்டாம். எனக்கு வருத்தம் என்னவென்றால், அது செமஸ்டர் நடுவில் நடந்தது. ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறையே நம் பக்கத்தில் எத்தனை நாளைத் தின்றுவிடுகிறது! அதற்கு மேல் ஆசிரியரையும் வகுப்பிலிருந்து எடுத்தால் பாடம் எப்போது முடியும்? இவற்றை மே மாதத்தில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கருத்துப் படிவத்திலும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம், கௌரவ விரிவுரையாளர்கள். அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் சுமை அவர்கள் தோளில். தொகுப்பூதியம்தான், பதவி உயர்வு கிடையாது. அதனால் பயிற்சிக்கு அவர்கள் பெயரை யாரும் நினைப்பதுமில்லை. முதலாமாண்டுப் பிள்ளைகளை முதலில் சந்திப்பது பல இடங்களில் அவர்கள்தான். பயிற்சி முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். உங்கள் துறையில் அப்படி யாராவது இருந்தால், நீங்கள் கற்றுக்கொண்டு வருவதை அவர்களோடு உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளுங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். பங்கேற்பவர்கள் பாடம் நடத்திக் காட்டும் நேரம் அதில் எத்தனை மணி என்று எண்ணுங்கள். சிறப்புரைகளாகவே நிரம்பியிருந்தால் வேறொன்றைத் தேடுங்கள். சேரும் குழுவில் வேறு துறைக்காரர்கள் இருப்பது மிக நல்லது. இயற்பியல்காரர் என் சமன்பாட்டைத்தான் பார்த்திருப்பார், தமிழம்மா என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்தபின் நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரை மாதம் ஒருமுறை உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள். முதல் இரண்டு முறை சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும். எங்கள் கல்லூரியில் நானும் கணிதத் துறை நண்பர் ஒருவரும் எட்டு வருடமாக இதைச் செய்கிறோம். போன வாரம்கூட அவர் ஒரு சீட்டு கொடுத்தார்: "இடது பக்க வரிசையை இன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை." திங்கட்கிழமை முதல் கேள்வியை இடது பக்கத்தில்தான் கேட்டேன்.