தாஷியில் சத்து எவ்வளவு?

கேள்வி: வேலைக்காக டோக்கியோவில் குடியிருக்கிறோம். இங்கே கடைகளின் குளிர்பெட்டியில் 'தாஷி' என்ற சாற்றைப் பையில் அடைத்து விற்கிறார்கள். காய்ச்சலில் இருந்து எழுந்த என் மாமியாருக்குச் சத்தாக இருக்குமா? அவர் சைவம். சமையலில் எதற்கெல்லாம் பயன்படும்?

பதில்: சத்துக்காக என்றால் வாங்காதீர்கள். உப்புச் சேர்க்காத தாஷியில் 100 மில்லிக்கு ஐந்து கலோரிகூடத் தேறாது. புரதமும் ஒரு கிராமைத் தொடாது. நீங்கள் காசு கொடுப்பது ருசிக்கு. வழக்கமான தாஷி, கொம்பு எனப்படும் கடற்பாசியும் கட்சுவோபுஷியும் ஊறி இறங்கிய சாறு. கட்சுவோபுஷி என்பது புகையில் உலர்த்திச் சீவிய சூரை மீன். நம் மாசிக் கருவாடும் அதே மீன்தான். ஆகவே அது உங்கள் மாமியாருக்கு ஆகாது. 'கொம்பு தாஷி' என்று முகப்பில் இருந்தாலும் பின்பக்கப் பட்டியலையும் பாருங்கள். சிலவற்றில் மீன் சாறும் கலந்திருக்கும்.

கொம்பிலேயே ருசி நிறைய உண்டு. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா குளூட்டமேட் என்ற ருசிப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தது இந்தப் பாசியிலிருந்துதான். 10 கிராம் கொம்பை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் போதும், அடுப்பே வேண்டாம். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சணம் அல்ல, ருசியின் ஒரு பகுதி, கழுவிவிடாதீர்கள். சாறு இரண்டு மூன்று நாள் தாங்கும். மிஞ்சியதை ஐஸ் தட்டில் உறையவைக்கலாம்.

உப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'ஷிரோதாஷி' என்று அதே வரிசையில் நிற்பது சோயா சாஸும் உப்பும் சேர்ந்த அடர்சாறு; 100 மில்லியில் 10 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும். அதை நீர்க்காமல் ஊற்றினால் வயதானவர்களுக்குக் கெடுதல். ஜப்பானிய லேபிளில் சோடியத்தை உப்பின் அளவாகவே மாற்றி அச்சிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கொம்பு தாஷியில் டோஃபுவும் கீரையும் போட்டு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் வைத்துக் கொடுங்கள்; புரதம் டோஃபுவிலிருந்து கிடைக்கும். மிசோவிலும் 'தாஷி-இரி' (தாஷி சேர்த்தது) என்று இருந்தால் பெரும்பாலும் மீன் சேர்ந்தது. வெயில் நாளில் குளிர்ந்த சாற்றில் சோயா சாஸ் கொஞ்சம் விட்டு, சோமென் நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

கொம்பில் அயோடின் மிக அதிகம். மாமியாருக்குத் தைராய்டு தொல்லை உண்டென்றால், தினமும் கொடுக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.