சர்ப்ரைஸ் வேண்டாம், கேளுங்கள்

கேள்வி: ஜூன் முதல் வாரம், வைகாசி முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். தேனிலவுக்கு மணாலி போக ஏழு நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், மீதிக்கு லோன் போடப் போகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் காலையே கிளம்புகிறோம். அவருக்குத் தெரியாது, சர்ப்ரைஸ். ஆனால் அவருடைய தங்கை, 'அக்காவுக்குக் கடல்தான் பிடிக்கும், மலைப்பாதையில் வாந்தி வரும்' என்கிறாள். எனக்கோ பனியைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. இருவருக்கும் பிடிக்கிற மாதிரி எப்படித் திட்டமிடுவது? — மணமகன், திருப்பூர்

பதில்: இருவருக்கும் பிடிக்கிற மாதிரி எப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள், அவருடைய தங்கையிடம் கேட்டிருக்கிறீர்கள், டிராவல்ஸ்காரரிடமும் நண்பர்களிடமும் கேட்டிருப்பீர்கள். கேட்காத ஒரே ஆள், உங்களோடு வரப்போகிறவர். நிச்சயம் முடிந்து தினமும் போனில் பேசுகிறவர்களுக்குள் இதைப் பேச என்ன தடை?

சர்ப்ரைஸ் என்பது நன்றாகத் தெரிந்தவர்களுக்குச் செய்வது. பத்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரியும், அப்போது செய்யலாம். இன்னும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டிராதவரை எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ஏழு நாள் அழைத்துப் போனால், அவர் என்ன துணி எடுத்து வைப்பார், என்ன மாத்திரை எடுத்து வைப்பார்? மாதவிலக்கு நாள் அந்த ஏழு நாளுக்குள் வருகிறதா என்று அவரால் பார்க்கக்கூட முடியாதே. புது மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல நம் ஊர்ப் பெண்கள் இன்னும் கூச்சப்படுகிறார்கள். முதலில் பேச்சை எடுக்க வேண்டியவர் நீங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்யாணம் முடிந்த நாலாம் நாள் வத்தலக்குண்டில் பஸ் ஏறிக் கொடைக்கானல் போனோம். என் மனைவி வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார், நான் இயற்கையை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தேன். வாந்தியை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஏழு வருடம் கழித்து, பிள்ளையை ஊட்டிக்குக் கூட்டிப் போகலாமா என்று பேச்சு வந்தபோதுதான் சொன்னார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்களே' என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, உங்கள் மணாலிக்கு வருவோம். கோவையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து சுமார் 530 கிலோமீட்டர் சாலை. பேக்கேஜில் பெரும்பாலும் இரவு முழுக்க ஓடும் வால்வோ பஸ்தான் இருக்கும், 12 மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி முழுக்க மலை வளைவு. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் கழித்தால் உங்கள் ஏழு நாள் நாலாகிவிடுகிறது. தவிர, ஜூன் முதல் வாரத்தில் மணாலி ஊருக்குள் பனி இருக்காது. பனி வேண்டுமென்றால் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரோதாங் கணவாய்க்குப் போக வேண்டும், அதற்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடும் இருக்கிறது. வட இந்தியாவில் பள்ளி விடுமுறை நேரம் வேறு, ரோடு முழுக்க வண்டியாக நிற்கும். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதவருக்கு இது தேனிலவு இல்லை, தண்டனை.

அதற்காக உடனே கடல் என்று மாற்றிவிடவும் முடியாது. அந்தமான்தான் எல்லோருக்கும் நினைவு வரும், ஆனால் அங்கே தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கும் முன்னாலேயே, மே மாதத்திலேயே வந்துவிடும். ஜூனில் கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக் தீவுக்குப் போகிற படகை நிறுத்திவிடுவார்கள், ஓடினாலும் அந்த ஆட்டத்தில் அவருக்கு மறுபடியும் வாந்திதான். நல்ல கடல் பார்க்க ஜனவரி, பிப்ரவரி வேண்டும். வைகாசியில் கல்யாணம் செய்கிற எல்லா ஜோடிக்கும் இந்தச் சிக்கல் உண்டு, தை முகூர்த்தக்காரர்களுக்கு இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இப்போது பக்கத்தில் மூன்று இரவு, தை மாதம் பெரிய பயணம். பக்கத்தில் என்றால் திருப்பூருக்குக் குன்னூர் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகலாம், பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மெதுவாக ஏறுகிற ரயில், பஸ் வளைவில் வருகிற தலைசுற்றல் அதில் பலருக்கு வருவதில்லை. குன்னூருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், ஜூனில் கூடலூர்ப் பக்கம் கொட்டுகிற மாதிரி அங்கே கொட்டாது. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுக்க வேண்டும். சொந்தக் காரில் போவதானால் நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், இப்போதைய விதி என்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் நீங்களே முடிவு செய்துவிட்டு அவரிடம் போய் நிற்காதீர்கள். மலையே வேண்டாம், தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்தில் அறை எடுத்து மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவர் சொன்னால், வெயில் இருக்கும், ஆனால் அதுவும் நல்ல யோசனைதான். உங்கள் பனி ஆசை எங்கும் போகாது. உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று அவரோடு பேசி, ஒரு மார்ச் மாதம் போங்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையே கிளம்புவது என்பதை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். பிரம்ம முகூர்த்தத்துக்கு விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, நாள் முழுக்கப் பட்டுப்புடவையிலும் நகையிலும் நின்று, ஆயிரம் பேரோடு போட்டோ எடுத்துக்கொண்டவர் அவர். மறுவீடு, குலதெய்வம் கோயில், நாலு வீட்டு விருந்து எல்லாம் முடிந்து, இரண்டு நாள் தூங்கி எழுந்து அப்புறம் கிளம்புங்கள். ஆடிக்கு அவரைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் கூட, நடுவில் ஆனி மாதம் முழுக்க இருக்கிறது.

அப்புறம் அந்த லோன். முதல் மாதத் தவணை கட்டும்போது அவர் உங்கள் வீட்டில்தான் இருப்பார், குடும்பக் கணக்கில் அவருக்கும் பங்கு இருக்கும். சேர்ந்து கட்டப்போகிற கடனை அவருக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். கையில் இருக்கிற தொகை இவ்வளவு என்று சொல்லுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சொன்னால் அவரும் தன் கணக்கைச் சொல்வார்.

இன்று ராத்திரி போன் செய்து, மணாலிக்கு முன்பணம் கட்டிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். 'உங்களுக்கு எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்' என்று கேளுங்கள். முதல் தடவை 'உங்கள் இஷ்டம்' என்றுதான் பதில் வரும், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் நாளைக்கும் கேளுங்கள். அதற்கு முன் அந்த பேக்கேஜ் ரசீதை எடுத்து, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று படித்து வைத்துக்கொள்ளுங்கள்.