சிறுகோள் சுரங்கத்தில் ஆசை: உயர்தரத்துக்கு எந்தப் பாடம்?

சா/த (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்ட மகள், சிறுகோளில் கனிமம் தோண்டும் துறைக்குத்தான் போவேன் என்கிறாள், பிழைப்புக்கு வழி உண்டா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அம்மா. சிறுகோளில் ஓடும் சுரங்கம் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய படிப்பெல்லாம் பூமியிலேயே சோறு போடும். ஆசையைத் தடுக்காதீர்கள், பாடத்தெரிவில்தான் கவனம் வேண்டும்.

சிறுகோள்களிலிருந்து இதுவரை பூமிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று அவளும் அறியட்டும். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம், ரியுகு என்ற சிறுகோளிலிருந்து 2020இல் கொண்டுவந்தது 5.4 கிராம். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம், பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இல் 121.6 கிராம். பென்னுவில் ஈர்ப்பு மிகச் சொற்பம். மேலே கிடக்கும் கற்களுக்குள் பிடிமானம் இல்லை. மண் அள்ளப் போன விண்கலத்தின் கை அரை மீற்றர் அளவுக்குப் புதைந்தது. மூடியில் கல் சிக்கி, அள்ளியதில் கொஞ்சம் வெளியே சிதறியது. பூமிக்கு வந்த பிறகும், மாதிரி இருந்த கலத்தின் 35 திருகாணிகளில் இரண்டு கழலவில்லை. மாதிரி மாசுபடாமல் இருக்க நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தே கழற்ற வேண்டும். அங்கே பாவிக்க அனுமதித்த கருவிகள் போதவில்லை. புதுக் கருவி செய்து 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். இந்தத் துறையில் வேலை என்றால் பெரும்பாலும் இதுதான்.

சிறுகோளில் பிளாட்டினம் அள்ளலாம் என்று கனவு காட்டும் வீடியோக்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2012இல் பெரிய அறிவிப்போடு வந்த பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற சிறுகோள் சுரங்க நிறுவனம், ஒரு கல்லும் எடுக்காமலே 2018இல் கைமாறியது. முதலில் பயன்படக்கூடியது தண்ணீர். காபன் வகைச் சிறுகோள்களில் அது களிமண் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. சூடாக்கி வெளியேற்றி, ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரித்தால் ரொக்கெட் எரிபொருள். ஆக, கனிமவியலும் இரசாயனமும்தான் அடித்தளம்.

உயர்தரத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்கட்டும். பிறகு பேராதனையில் புவிச்சரிதவியல், மொறட்டுவையில் புவி வளப் பொறியியல், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் கனிய வளத் தொழில்நுட்பம் என்று வழிகள் உண்டு. போகலா காரீயச் (கிராஃபைட்) சுரங்கம், புல்மோட்டை கனிய மணல் போன்ற இடங்களுக்கு இப்படிப் படித்தவர்கள் வேண்டும். சிறுகோள் ஆய்வுக்கு மட்டும் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். கலைச்சொற்களை இப்போதே இரு மொழியிலும் எழுதிப் பழகட்டும்.

அவசரப்பட்டு கொழும்புப் பாடசாலைக்கு மாற்றாதீர்கள். ஹட்டன் இருக்கும் நுவரெலியா, பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியில் சலுகை உண்டு. மாவட்டத்தைத் தீர்மானிப்பது படித்த பாடசாலை. ஆனால் உங்கள் ஊர்ப் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்குத் தமிழ்மொழி ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, ஆய்வுகூடத்தில் செய்முறை நடக்கிறதா என்று, பெறுபேறு வரும்வரை காத்திராமல், நேரில் போய் அதிபரிடம் கேளுங்கள்.